மூச்சைப் பிடியுங்கோ

வெள்ளவத்தையில், காலி வீதியில்
பயணப்பை விற்கும் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை மூன்று மணி.
மின்விசிறியைப் போட்டால் திரை ஆடும்.
ஆகவே வியர்த்து வழிய
படம் பார்க்கிறோம் ஒன்பது பேர்.

சொல்லித்தரும் ருவந்திக்கு
என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு.
என் தொழிலை நான் முதல் நாள் சொல்லவில்லை.
பம்பலப்பிட்டியில் ஓர் எக்ஸ்ரே அறை.
இருபது வருடமாக அதே மூன்று வசனம்:
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ.
என் படங்களில் இதுவரை
ஒருவரும் சிரித்ததில்லை.

முதல் பயிற்சி: மஞ்சளாக ஏதாவது.
எட்டுப் பேர் புறக்கோட்டை வாழைக்குலையோடு வந்தோம்.
ஆட்டோ ஓடும் கபில மட்டும்
மருதானை ஸ்டேஷன் மேடையின் மஞ்சள் கோட்டையும்
அதை மிதித்து நிற்கும் ஒரு குதிக்காலையும் கொண்டுவந்தான்.
தேய்ந்த செருப்பு. வெடிப்புக்குள் சுண்ணாம்பு.
என் வாழைக்குலையை
அடுத்து, அடுத்து என்று நானே தள்ளிவிட்டேன்.

விமர்சனத்துக்கு ஒரே விதி.
'வடிவா இருக்கு' என்று வாய் தவறினால்
பால்மா டின்னில் இருபது ரூபா தண்டம்.
மூன்று மொழிக்கும் ஒரே விலை.
ஜூட் ரொஷானின் கொட்டாஞ்சேனைச் சலூன் படத்துக்கு
'முறிவு ஒன்றுமில்லை' என்றேன், பழக்கதோஷம்.
சிரித்து முடித்தபின் ருவந்தி கேட்டாள்:
அப்ப எங்க நோகுது?
தேடினேன்.
கண்ணாடியின் ஓரத்தில் பாதி முகமாய் ஒரு பையன்,
விழுந்த முடியைக்
காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

ஏழாவது கிழமை எடிட்டிங்.
ரயில் பாதைக்கு அப்பால் கடல், கற்பாறை, ஐந்தரை மணி வெயில்.
நடுவில் ஒருவர்
சிவப்பு ஷொப்பிங் பேக்கை மடியில் வைத்தபடி
எனக்கு முதுகு காட்டி இருந்தார்.
படத்தைக் கெடுக்கிறார் என்று பட்டது.
வீட்டில் இரவு பதினொரு மணிவரை
மவுஸால் தடவித் தடவி அவரை எடுத்தேன்.
தோள் இருந்த இடத்தில் கடல்.
பேக் இருந்த இடத்தில் பக்கத்துப் பாறையின் நகல்.
சுத்தம். எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

திரையில் போட்டதும் ஒருவரும் பேசவில்லை.
டின்னில் காசு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.
மாளிகாவத்தை நஸ்ரீன்தான் முதலில்:
'நெழல் ஈக்கி. ஆளத்தான் காணல்ல.'

பாறையில் எங்களை நோக்கி நீண்டு கிடந்தது
குந்தியிருக்கும் ஒரு மனிதனின் நிழல்.
தலை, தோள், முழங்கை
எல்லாம் அளவாக.

'நிழலையும் எடுக்கலாம்,' என்றேன்.
'ரெண்டு நிமிஷ வேலை.'

கடைசி வாங்கிலிருந்து நிரோதினி எழுந்து வந்தாள்.
ஏழு கிழமையில் அவள் பேசியது
வருகைப் பதிவுக்கு மட்டும்.
என் மடிக்கணினியில், லேயருக்குப் பக்கத்தில் இருக்கும்
சின்னக் கண் படத்தை அமர்த்தினாள்.
ஆள் வந்தார்.
மறுபடி அமர்த்தினாள்.
போனார்.
வந்தார்.
போனார்.
கீழே நூறாம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்தது.
வந்தார்.
'இருக்கட்டும்,' என்றாள்.
டின்னில் இருபது ரூபாயைப் போட்டுவிட்டு
தன் இடத்துக்குப் போனாள்.
எதற்கு என்று கேட்க
எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தண்டக் காசில் காலிமுகத்திடலில்
ஆளுக்கு இரண்டு இறால் வடை.
கபில காகங்களைப் பற்றி ஏதோ சொன்னான்.
நான் கெமராவை வெளியே எடுக்கவேயில்லை.

திங்கட்கிழமை.
நெஞ்சுப் படம், ஐம்பது வயது ஆண்.
சங்கிலியைக் கழற்ற மறந்திருக்கிறார்.
விலா எலும்புகளுக்கு நடுவே
வெள்ளையாய், கூர்மையாய்,
தேய்ந்துபோன ஓர் எழுத்துப் பென்டன்.
அது 'ர'வா, 'ற'வா?
சட்டப்படி இதை அழித்துவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும்.
திரைக்குக் கிட்டப் போய்ப்
பார்த்துக்கொண்டே நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பலகையில் நாடியை ஊன்றியபடி
அந்த மனிதர்
இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

விடுங்கோ, ஐயா.
விடுங்கோ.